பெட்டிகளுக்கு நிழல்

— அதெல்லாம் சரி முதலாளி, மேசைக்குப் பூ எதுக்கு?

— என்ன கேள்வி இது ஹலீனா? அறுவடை முடிஞ்ச விருந்துக்குப் பூ வைக்காமலா? கடைசி வண்டிக்குக் கொடியும் பூவும் கட்டிக் கொண்டாந்து, முற்றத்துல மேசை போட்டு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது. இத்தனை வருஷமா போலந்துலேர்ந்து ஆள் கூட்டிட்டு வர்ற, இந்த வீட்டு மேஸ்திரி நீ. உனக்கா தெரியாது? உங்க ஆளுங்கதானே மேசை மேல ஏறி ஆடுவாங்க.

— இந்த வருஷம் ஆட மாட்டாங்க.

— ஆட வேண்டாம்மா, சாப்பிடட்டும். உள்ளதைச் சொன்னா, விருந்தை நிறுத்தினாத்தான் தப்பாப் போகும். ‘கிஸ்லேன் பயந்துட்டான், கதவைச் சாத்திக்கிட்டான்’னு ஊரே பேசும். அதிகாரி வர்ற நேரத்துல முற்றம் வெறிச்சோடிக் கிடந்தா அந்த மனுஷன் என்ன நினைப்பாரு?

— இந்த வீட்ல வேலை செஞ்ச ஆளு ஒருத்தன் செத்துட்டான், அதனால விருந்து இல்லைன்னு நினைப்பாரு.

— சரி, மொதல்ல உக்காரு. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில முழிச்சிருக்க. முகமே வத்திப்போச்சு. காபி போடச் சொல்லட்டா?

— வேண்டாம். விடியறப்ப போயிட்டான் முதலாளி. கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை மேட்டுத் தோட்டத்துல மூடின கண்ணு, அப்புறம் திறக்கவே இல்ல.

— பாவம். நல்ல பையன். முதல் வருஷம்தானே?

— பையன் இல்ல, மிரெக்னு பேரு. ரெண்டு பிள்ளைக்கு அப்பன். ஊர்ல பஸ் ஓட்டிக்கிட்டிருந்தான், அந்த பஸ்ஸையே நிறுத்திட்டாங்க. சும்மா உக்காந்திருந்தவனை நான்தான் கிளப்பினேன். ‘வா, திராட்சை வெட்டலாம், அங்கயும் நம்ம ஊரு மாதிரி குளிருதான், கம்பளி எடுத்து வை’ன்னேன். அவன் பைக்குள்ள ரெண்டு கம்பளிச் சட்டை இருக்கு. மடிப்புக்கூடக் கலையல.

— குளிர் ஊருதானே ஹலீனா! நீ சொன்னதுல என்ன தப்பு? என் மாமனார் காலத்துல அறுவடைன்னா விரல் மரத்துப்போகும். கையுறைக்குள்ள கையை விட்டுக்கிட்டு வெட்டுவோம். வாயைத் திறந்தா புகை வரும். செப்டம்பர்ல இப்படி ஒரு வெயில் அடிக்கும்னு யாரு கண்டா? இருந்த மரத்தையெல்லாம் என் மாமனாரே வெட்டிப்போட்டாரு, நிழல் விழுந்தா பழம் பழுக்காதுன்னு. உள்ளதைச் சொன்னா, இந்த மேட்டுல நிழலுக்கு ஏங்கினவன் எவனும் கிடையாது.

— வசந்தத்துல உறைபனி விழும்னா தோட்டம் முழுக்க வரிசைவரிசையா மெழுகு கொளுத்தி வைக்கறீங்க. கொடிக்குக் குளிரக் கூடாதுன்னு. நாலு கம்பு நட்டு ஒரு படுதா கட்டத் தோணல.

— அதான் சொல்றேனே, பழக்கம் இல்ல.

— மரமும் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.

— இருந்துச்சு. அந்த வால்நட் மரம். அதைப் பத்திப் பேசத்தான் உன்னை வரச் சொன்னேன்.

— தெரியும்.

— தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்துக்கிட்டே இருக்காரு. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லியிருப்பாங்க. மொதல்ல என்னைக் கேப்பாரு, அப்புறம் உன்னை. என் வார்த்தை அங்க எடுபடாது. முதலாளி வேற என்ன சொல்லுவான்னு தள்ளிவிட்டுடுவாரு. உன் வார்த்தைதான் கணக்கு. நீ அவன் ஊர்க்காரி. நீ சொன்னா முடிஞ்சுது.

— என்ன சொல்லணும்?

— பெரிசா ஒண்ணும் இல்ல. தலை சுத்துதுன்னான். மரத்தடியில படுக்க வச்சோம். தண்ணி கொடுத்தோம். துணியை நனைச்சு நெத்தியில போட்டோம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். அவ்வளவுதான். பாதி உண்மைதானே?

— எந்தப் பாதி?

— ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோமில்ல?

— கூப்பிட்டோம். வண்டியில பெட்டியெல்லாம் ஏத்தினப்புறம்.

— ஹலீனா!

— துணியையும் நனைச்சோம் முதலாளி. நானேதான் நனைச்சேன். உங்க வீட்டுப் படுக்கை விரிப்பு, வெள்ளை, ஓரமெல்லாம் தையல் போட்டது. தண்ணி சொட்டச் சொட்டத் தூக்கிட்டுப் போய்ப் போத்திவிட்டேன். திராட்சைக்கு.

— கத்தாதே. அர்மெல் உள்ளதான் இருக்கா, என் பொண்டாட்டி காதுல விழப்போகுது.

— நான் கத்தல. நீங்கதான் கத்தறீங்க.

— இங்க பாரு. நான் ஏதோ பேராசை பிடிச்சு அலைஞ்ச மாதிரி பேசாதே. நாங்க செய்யறது கறுப்புத் திராட்சையில நுரை பொங்கற வெள்ளை ஒயின். பச்சைத் திராட்சை போட்டவன் நிம்மதியா குறட்டை விடுவான். பெட்டி வெயில்ல நின்னா நிக்கட்டும்பான். எங்களுக்கு அப்படியா? உள்ள சாறு வெள்ளை, மேல தோல்தான் சாயம். வெயில்ல வெந்தா தோல் நெகிழ்ந்து பெட்டிக்குள்ளயே கசிய ஆரம்பிக்கும். அதைக் கொண்டுபோய் ஆலையில பிழிஞ்சா சாறு சிவப்படிச்சு இறங்கும். ஒரு பெட்டி பண்ற வேலையில ஒரு தொட்டியே போகும். அப்புறம் நுரை வந்து என்ன, வராட்டி என்ன? எங்க வீட்டு வெள்ளைன்னு அதை யார் முன்னாடி ஊத்தறது?

— எனக்குப் பாடம் எடுக்காதீங்க. மெஷின்ல வெட்டினா தோல் கிழியும், அதனாலதானே எங்களைக் கூப்பிடறீங்க. ஒரு கொத்தைக் கையில எடுத்தா குழந்தையை எடுக்கற மாதிரி எடுக்கணும்னு நான்தானே வருஷா வருஷம் எங்க ஆளுங்களுக்குச் சொல்றேன். திராட்சைத் தோலுக்கு இத்தனை பேரு காவல். எங்க தோல் வெந்தா கேக்க நாதியில்ல.

— நாக்கு நீளம் உனக்கு.

— உங்க வீட்டுச் சாப்பாட்டுல வளர்ந்த நாக்கு.

— நான் என்ன அவனை அடிச்சேனா? எழுந்து போடான்னு விரட்டினேனா? அன்னைக்கு ஆலையில ஒரே வரிசை. டிராக்டர் போய் மாட்டிக்கிச்சு. இங்க பெட்டி குவிஞ்சுக்கிட்டே இருக்கு. தொட்டுப் பார்க்கறேன், பழம் சுடுது. எனக்கு உயிரே போச்சு. ‘கொஞ்சம் தள்ளிப் படுப்பா, பெட்டி வைக்கணும்’னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

— உங்க பாஷை அவனுக்குத் தெரியாது. கையைக் காட்டினீங்க. அது எல்லா பாஷையிலயும் ஒண்ணுதான்.

— நிழல் பெரிசாத்தான் இருந்துச்சு!

— உச்சி வெயில்ல எந்த மரத்துக்கு முதலாளி நிழல் பெரிசா விழும்? ஒரு வரிசை அடுக்கினோம், கொஞ்சம் தள்ளினான். அடுத்த வரிசை அடுக்கினோம், இன்னும் கொஞ்சம் தள்ளினான். கடைசி வரிசை வச்சப்ப அவன் கொடிக்கு நடுவுல வெறும் சுண்ணாம்பு மண்ணுல கிடந்தான்.

— ஏன், நீ எங்க போயிருந்த? மேஸ்திரிதானே நீ? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

— நான் பெட்டி தூக்கிக்கிட்டிருந்தேன். அவன் காலைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். தூங்கறான்னு நினைச்சேன். முதல் வருஷமே இவ்வளவு சோம்பேறியா, என் மானத்தை வாங்கறானேன்னு மனசுக்குள்ள திட்டவும் செஞ்சேன். போதுமா?

— நான் உன்னைக் குத்தம் சொல்லல.

— தாராளமா சொல்லுங்க. எனக்கும் பங்கு வேணும்.

— சரி, போனது போச்சு. இருக்கறவங்களைப் பாரு. அடுத்த வருஷமும் உங்க ஊர் ஆளுங்கதான், நான் வாக்கு தர்றேன். பக்கத்துத் தோட்டத்து ஃபுல்பேர் என்ன பண்றான்? ஏஜென்ட் யாரையோ கொண்டாந்து இறக்கறான். எந்த ஊரு, எங்க படுக்கறான், எதைத் தின்னான், அவனுக்கே தெரியாது. நான் அப்படியா? கட்டில் தர்றேன், வெந்நீர் தர்றேன், நான் சாப்பிடற மேசையிலேயே சோறு போடறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அதிகாரிங்க சாறுக்கு சீல் வச்சு வேலையையே நிறுத்தினாங்கன்னா, உங்க ஊர்ல பாதிப் பேரு எங்க போவாங்க? ஃபுல்பேர்கிட்டதான் போகணும். யோசிச்சியா?

— அதைத்தான் யோசிச்சேன். அதனாலதான் எனக்கே என்னைப் பார்த்தா அருவருப்பா இருக்கு. அவன் மூச்சு மெஷின்ல ஏறி இறங்குது. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அடுத்த செப்டம்பருக்கு யார் யாருக்கு வேலை போகும்னு ஒவ்வொரு மூஞ்சியா நினைச்சுப் பார்க்கறேன்.

— அப்ப உனக்குப் புரியுது.

— புரியுது. சொல்றேன்.

— என்ன சொல்ற?

— அதிகாரிகிட்ட சொல்றேன்னு சொல்றேன். மரத்தடின்னு சொல்றேன். தண்ணி, நனைச்ச துணி, எல்லாம்.

— எனக்குத் தெரியும்! நீ கைவிட மாட்டேன்னு நான் அர்மெல்கிட்ட நேத்தே சொன்னேன். நீ வேத்து ஆளு இல்ல, நம்ம வீட்டுப் பொண்ணு—

— இருங்க. வீட்டுப் பொண்ணு இன்னும் பேசி முடிக்கல. அதுக்குப் பதிலா நீங்க ஒண்ணு செய்யணும்.

— கேளு. என்ன வேணா கேளு.

— மிரெக் பொண்டாட்டிகிட்ட நீங்க உண்மையைச் சொல்லணும்.

— விளையாடறியா?

— போக்னான்னு பேரு அவளுக்கு. விடிஞ்சதிலேர்ந்து என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அவன் போயிட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. எப்படிப் போனான்னு அவளுக்கு யாரும் சொல்லல. ‘எங்க விழுந்தான், வெயில்லயா, பக்கத்துல யாரு இருந்தா’ன்னு கேக்கறா. ஒவ்வொரு தடவையும் ஏதோ சாக்குச் சொல்லி வச்சுட்டேன். கடைசியா, தோட்டத்து முதலாளியே உங்கிட்ட பேசுவாருன்னு சொல்லிட்டேன்.

— அது எப்படி? அவ நாளைக்கே கேஸ் போடுவா!

— அவளுக்கு உங்க பாஷை ஒரு எழுத்து தெரியாது. நீங்க சொல்றதை நான்தான் எங்க பாஷையில சொல்லணும். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. காத்தோட போற பேச்சு. என்னை மீறி அவ எதை நிரூபிப்பா?

— அப்புறம் எதுக்கு இது? உனக்கு என்ன கிடைக்கும் இதுல?

— அதிகாரிக்குப் பொய். ஊருக்குப் பொய். மேசையில பூ. அடுத்த வருஷமும் நான் வந்து இதே கத்தரியைப் பிடிச்சு, இதே மேட்டுல ஏறணும். ஒரு ஆளுகிட்டயாவது நீங்க உங்க வாயால சொல்லி நான் கேக்கணும். கேக்காம என்னால அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது.

— என் புருஷன் வாயால என்ன கேக்கணுமாம் ஹலீனாவுக்கு?

— அர்மெல், நீ எதுக்கு வந்த? உள்ள போ.

— எங்கப்பா கட்டின முற்றம், வீட்டோட மாப்பிள்ளை. எங்க நிக்கணுமோ அங்க நிப்பேன். மேசைக்குக் கிளாஸ் வைக்கணும்னு நீதானே கேட்ட? கொண்டாந்திருக்கேன். ஹலீனா, இப்படி வா. அவன் போயிட்டான்னு எனக்கு இப்பத்தான் தெரியும். அழுதுடு. அழுதாத்தான் இறங்கும்.

— வரலைம்மா.

— எனக்கும்தான் வரல. தொட்டியைப் பார்த்துட்டுத்தான் வர்றேன் கிஸ்லேன். அந்த மேட்டுத் தோட்டத்துச் சாறு. பேருக்குக்கூடச் சாயம் இல்ல. இவ்வளவு சுத்தமா எங்கப்பாகூட இறக்கினதில்ல. நீ ஜெயிச்சுட்ட.

— குத்திக்காட்டறியா?

— பாராட்டறேன். நல்லா இருக்கறதை நல்லா இருக்குன்னுதானே சொல்லணும்? பாட்டில்ல அடைச்சு, நுரை கட்டி, வருஷக்கணக்கா நிலவறையில தூங்க வச்சு எழுப்புவோம். யாரோ கல்யாணத்துல குடிச்சுட்டு ‘அடடா, கறுப்புத் திராட்சையில இவ்வளவு வெள்ளையா!’ம்பாங்க. ஹலீனா கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. அதைச் செய். அவளுக்குப் போனைப் போட்டுச் சொல்லு.

— நீயுமா? விஷயம் தெரியாம பேசாதே.

— எது தெரியாது? அன்னைக்குச் சாயங்காலம் என் விரிப்பைத் துவைக்க எடுத்தேன். திராட்சைக் கறைதான் இருந்துச்சு, ஒரு மனுஷன் மேல போட்ட வேர்வை வாடையே இல்ல. நான் உங்கிட்ட ஏன்னு கேக்கல. கேக்காதது என் கெட்ட புத்தி. இப்ப சொல்லு.

— சரி. சரி! சொல்லித் தொலைக்கிறேன். ஆனா நீ இங்கயே உக்காரு. உனக்கு உங்கம்மா பாஷை புரியுமே, இவ நான் சொன்னதைத்தான் சொல்றாளா, கூட்டிச் சொல்றாளான்னு பாரு.

— உக்கார்றேன். எங்கம்மாவும் இப்படித்தான் போலிஷ் பேசிக்கிட்டு, கத்தரி பிடிச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தா. போடு ஹலீனா போனை.

— எடுத்துட்டா. பிள்ளைங்களைப் பக்கத்து வீட்ல விட்டிருக்காளாம். தனியாத்தான் இருக்கா. பேசுங்க முதலாளி.

— என்னன்னு ஆரம்பிக்கறது? அம்மா, நான் கிஸ்லேன், தோட்டத்துக்குச் சொந்தக்காரன். உங்க புருஷன் ரொம்ப நல்ல உழைப்பாளி, எங்க எல்லாருக்கும் அவரை—

— அதை நான் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமைன்னு ஆரம்பிங்க.

— செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு நல்ல வெயில். காலையிலேயே கொளுத்த ஆரம்பிச்சுடுச்சு. பாதியில வேலையை நிறுத்தியிருக்கணும், நான் நிறுத்தல. பழம் ஏற்கெனவே பதம் தாண்டிக்கிட்டிருந்துச்சு, இன்னும் ஒரு நாள் கொடியில விட மனசு வரல. சொல்லு.

— சொல்லிட்டேன். மேல.

— உங்க புருஷனுக்கு மயக்கமா வந்து, மரத்தடியில போய்ப் படுத்தாரு. அந்த மேட்டுல அது ஒண்ணுதான் மரம். அப்ப பெட்டியெல்லாம் சேர்ந்துபோச்சு, வண்டி வரல. கறுப்புத் திராட்சை வெயில்ல நின்னா சாயம் இறங்கிடும், சாறு வெள்ளையா வராது. இதெல்லாம் அவளுக்கு எதுக்கு ஹலீனா?

— எதுக்காகன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? விடாதீங்க.

— அதனால நான் அவரை நகரச் சொன்னேன். கையைக் காட்டினேன். நகர்ந்தாரு. அவர் படுத்திருந்த இடத்துல பெட்டியை அடுக்கச் சொன்னேன்.

— சொல்லிட்டேன்.

— இவ்வளவு சொன்னேன், நீ நாலே வார்த்தையில முடிச்சுட்டியே?

— எங்க பாஷை சுருக்கம். வேணும்னா அம்மாவைக் கேளுங்க.

— அர்மெல்?

— நீ மேல சொல்லு.

— அவ அழறாளா?

— இல்ல. அப்புறம்னு கேக்கறா.

— அப்புறம் விரிப்பை நனைச்சுப் பெட்டி மேல போட்டோம். தண்ணி இல்லாம இல்ல. நிறைய இருந்துச்சு. அவருக்குக் கொடுக்கணும்னு தோணல. அவர் வெயில்ல கிடந்தாரு. நான் பார்த்தேன்.

— என்னது?

— பார்த்தேன் ஹலீனா. உங்க யாருக்கும் தெரியாது. டிராக்டர் வருதான்னு பார்க்க அந்த வரிசை வழியா இறங்கினேன். முகம் சிவந்து, வாய் திறந்து கிடந்தாரு. உதட்டுல ஈ உக்காந்திருந்துச்சு, கையைத் தூக்கி ஓட்டல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது தூக்கம் இல்லைன்னு. அந்த நேரம் பார்த்து டிராக்டர் சத்தம் கேட்டுச்சு. மொதல்ல பெட்டியை ஏத்திடுவோம், அஞ்சு நிமிஷம்தானேன்னு நினைச்சேன். அஞ்சு நிமிஷமா ஆகும் அத்தனை பெட்டிக்கு? ஏத்தி முடிச்சு வந்து தோளைத் தொட்டேன். சுட்டுச்சு. மன்னிச்சிடுங்கம்மா. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. சொல்லு ஹலீனா. ஏன் என்னையே பார்க்கற? சொல்லு.

— சொல்றேன். இருங்க.

— சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன்.

— என்ன சொல்றா? திட்டறாளா? திட்டட்டும், நான் கேட்டுக்கறேன்.

— நன்றின்னு சொல்றா.

— யாருக்கு?

— உங்களுக்குத்தான். சாமி உங்களை நல்லா வச்சிருக்கணும்னா. போனை வச்சுட்டா.

— நன்றியா? இதைக் கேட்டுட்டு ஒருத்தி எப்படி நன்றி சொல்லுவா? அர்மெல், நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? என்னதான் சொன்னா இவ?

— சொல்லட்டுமா ஹலீனா?

— சொல்லுங்கம்மா.

— ‘பெரிய மரம் போக்னா, அதுக்கு அடியிலதான் படுத்திருந்தான். குளுகுளுன்னு இருந்துச்சு. முதலாளி வேலையையெல்லாம் போட்டுட்டு ஓடி வந்தாரு. துணியை நனைச்சு நெத்தியில போட்டாரு, வாயில தண்ணி விட்டாரு, பக்கத்துலேயே உக்காந்து தொப்பியால விசிறினாரு. தூங்கற மாதிரிதான் கண்ணை மூடினான். வலியே தெரியல.’ இதைத்தான் சொன்னா. நீ ஒவ்வொண்ணா கக்கக் கக்க, அவ ஒவ்வொண்ணா இதைச் சொன்னா.

— அப்ப நான் சொன்னது எதுவுமே அவளுக்கு...

— எதுவும் போகல. நாங்க ரெண்டு பேரும்தான் கேட்டோம். இனிமே உன் பக்கத்துல நான் எப்படிப் படுக்கறதுன்னு அதைத்தான் உக்காந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— ஏன் ஹலீனா? நீதானே உண்மையைச் சொல்லுன்னு என் கழுத்தைப் பிடிச்ச?

— சொல்லணும்னுதான் போனைப் போட்டேன். செவ்வாய்க்கிழமைன்னு ஆரம்பிச்சேன். ‘அவனுக்கு வெயில் ஆகாதேக்கா, அங்க நிழல் இருந்துச்சுதானே?’ன்னு கேட்டா. இருந்துச்சுன்னு வாயில வந்துடுச்சு. வந்தப்புறம் அதைத் திருப்பி வாங்க என்னால முடியல.

— நல்லதுதான். உள்ளதைச் சொன்னா, நீ செஞ்சதுதான் நல்லது! செத்தவன் திரும்பி வரப்போறதில்ல, அவளாவது நிம்மதியா இருப்பா. அதோ, கார் சத்தம். வந்துட்டாரு. அர்மெல், அந்தப் பாட்டிலை எடு, ஒரு கிளாஸ் ஊத்து. ஹலீனா, கண்ணைத் துடை. புதுசா எதையும் யோசிக்க வேண்டாம். அவகிட்ட சொன்னியே, அதையே அப்படியே இவர்கிட்டயும் சொல்லிடு.

— நீங்க அவனைப் பார்க்கலைன்னுதான் இதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன் முதலாளி. என்னை மாதிரியே நீங்களும் தூங்கறான்னு நினைச்சுட்டீங்கன்னு.

— அதையெல்லாம் இப்ப எடுக்காதே! கேட்டைத் திறக்கறாங்க. நீ மாத்திச் சொன்னா அது நாளைக்கு அவ காதுக்கும் போகும், தெரியும்ல?

— போகும். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது அவன் நிழல்ல படுத்திருந்தான்னு நினைச்சுக்கிட்டு அவ தூங்கட்டும்.

— உங்க ஊர் ஆளுங்க? அடுத்த வருஷம்?

— என் மூஞ்சியிலேயே துப்புவாங்க. துடைச்சுக்கறேன்.

— ஹலீனா, எங்கிட்ட நீ வாக்குக் கொடுத்திருக்க! ஒரு பொய், ஒரே ஒரு பொய்!

— ஒண்ணுதான் முதலாளி எங்கிட்ட இருந்துச்சு. அதை போக்னாவுக்குக் கொடுத்துட்டேன்.